ஐபேடில் இசை: பித்தின் படிகளும் ஒவ்வொரு படியிலும் செய்ய வேண்டியவையும்

ஐபேடில் இசை செய்யத் தொடங்குகிறவர்களுக்கு அந்தப் பித்து ஏறுகிற வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். ஆப்பிளின் இசை ஆப்பான கேரேஜ்பேண்டைத் திறந்து விரலை வைத்ததுமே ஒரு தாளம் ஓடும். அன்றைய தூக்கம் போகும். அடுத்த வாரம் முழுக்க அதே எட்டு பார் லூப்பை (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று, லூப் என்பது திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) வீட்டில் உள்ள எல்லோருக்கும் போட்டுக் காட்டுவார்கள். பிறகு மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சின்தசைசர் ஆப்கள் வரிசையாக வந்து சேரும். அவற்றை ஒன்றோடொன்று கோப்பதில் ஞாயிற்றுக்கிழமைகள் போகும். மேசையில் ஹப்பும் கேபிளும் கீபோர்டும் இடம்பிடிக்கும். இதையெல்லாம் தாண்டி ஒரு முழுப்பாட்டை முடித்து நாலு பேர் கேட்க அனுப்புவது கடைசிப் படி. அங்கே வந்து சேராமலே சோர்ந்துபோகிறவர்கள் ஏராளம். நடுவில் ஏதோ ஒரு படியில் கால் மாட்டிக்கொள்வதுதான் காரணம்.

ஒவ்வொரு படியும் கற்றுக்கொடுக்கிற விஷயம் ஒன்று உண்டு. அதை வாங்கிக்கொண்டு நகர்வது எப்படி என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறோம். தொடங்குமுன் ஒரே ஒரு விதி: மூன்று நிமிடப் பாட்டு ஒன்றை முடிக்கும்வரை காசு கொடுத்து எந்த இசை ஆப்பும் வாங்க வேண்டாம். மற்ற எதை மறந்தாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை

இப்போதைய ஐபேட்ஓஎஸ் ஓடுகிற எந்த ஐபேடும் தொடக்கத்துக்குப் போதும். விலை உயர்ந்த புரோ மாடல் தேவையில்லை. 2010 இல், முதல் தலைமுறை ஐபேடிலேயே, கொரில்லாஸ் இசைக்குழு வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவே ஓர் ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்து அந்தக் கிறிஸ்துமஸ் அன்று வெளியிட்டது. அப்போது ஐபேடுக்குக் கேரேஜ்பேண்டே வந்திருக்கவில்லை. 2011 மார்ச்சில்தான் வந்தது. சேமிப்பிடம் மட்டும் 128 ஜிபியாவது இருந்தால் நிம்மதி. கணக்கு இதுதான்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ ஒலிப்பதிவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டில் பத்து ட்ராக் (ஒவ்வொரு கருவிக்கும் குரலுக்கும் தனித்தனி பதிவு) என்றால் 430 எம்பி. வேண்டாம் என்று ஒதுக்கிய டேக்குகளும் சேர்ந்தால் ஒரு பாட்டுக்கு 1 ஜிபி சாதாரணம்.

ஹெட்போன் கட்டாயம் வயர் உள்ளதாக இருக்க வேண்டும். புளூடூத் ஹெட்போனில் விரல் தட்டியதற்கும் சத்தம் காதுக்கு வருவதற்கும் இடையே 150 மில்லிவிநாடியோ அதற்கு மேலோ தாமதம் விழும். படம் பார்க்கும்போது மென்பொருள் அதைச் சரிக்கட்டிவிடும். நேரடியாக வாசிக்கும்போது முடியாது. புதியவர்களில் பலர் தங்களுக்குத் தாள ஞானமே இல்லை என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். தவறு ஹெட்போனில் இருக்கிறது.

2021 இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேடுக்குப் பிறகு வந்தவற்றில் ஹெட்போன் துளை கிடையாது. புரோ மாடல்களில் 2018 முதலே இல்லை. அவற்றுக்கு யூஎஸ்பி-சி அடாப்டர் தேவை. உள்ளே டிஏசி சில்லு (டிஜிட்டல் தகவலை ஒலி மின்னலையாக மாற்றுவது) உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். சில்லு இல்லாத மலிவு அடாப்டரைச் செருகினால் ஐபேடிலிருந்து சத்தம் வராது.

ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு எஃப்எல் ஸ்டூடியோ மொபைல், கியூபேசிஸ் 3, கோலா சாம்ப்ளர் மூன்றும் உண்டு. பாட்டை முடிப்பதற்கு அவை போதும். மூன்றாம், நான்காம் படிகளில் வரும் பிளக்இன் சமாச்சாரங்கள் மட்டும் ஐபேடுக்கே உரியவை.

முதல் படி: விரல் வைத்ததும் வருகிற மகிழ்ச்சி

கேரேஜ்பேண்ட் இலவசம். 32 ட்ராக் வரை தாங்கும். முதல் பாட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

1. புதிய பாட்டைத் திறந்ததும் வாசிக்கத் தொடங்காதீர்கள். முதலில் மேலே உள்ள அமைப்புகளுக்குப் போய் டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகம்), தாள அளவு, சுருதி மூன்றையும் முடிவு செய்யுங்கள். அது தானாக வைத்திருப்பது 110 டெம்போ, 4/4, சி மேஜர். பாடப் போகிறீர்கள் என்றால் உங்கள் கட்டைக்கு மாற்றுங்கள்: 1 கட்டை என்றால் சி, 2 கட்டை டி, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். குரலைப் பதிவு செய்த பிறகு சுருதியில் கை வைக்க வேண்டாம். இழுத்து மாற்றிய குரலில் இயல்பு போய்விடும்.

2. வலது மேல் மூலையில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டால் 'செக்‌ஷன் ஏ' என்று ஒன்று தெரியும். அதன் நீளம் 8 பார். பதிவு செய்துகொண்டே போகிறவர்களுக்கு எட்டாவது பாரில் பாட்டு திரும்பவும் தொடக்கத்துக்கு ஓடுவது இதனால்தான். குரலை நீளமாகப் பதிய வேண்டும் என்றால் அதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள். இந்த முதல் பாட்டில், குரல் பதியும் வரை, எட்டாகவே இருக்கட்டும்.

3. ஸ்மார்ட் டிரம்ஸைத் திறந்தால் ஒரு கட்டம் வரும். கிக், ஸ்னேர், ஹைஹேட் படங்களை அதில் இழுத்து வையுங்கள். ஒரு திசையில் போனால் சத்தம் கூடும், இன்னொரு திசையில் போனால் நடை சிக்கலாகும். முதலில் கிக், ஸ்னேர், ஹைஹேட் மூன்று மட்டும் போதும். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டால் பிறகு மெட்டுக்கு இடம் இருக்காது.

4. அடுத்து பேஸ் (தாழ்ந்த அடித்தளச் சுரங்கள்), பிறகு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), கடைசியில் மெட்டு. ஒவ்வொன்றும் தனி ட்ராக். வாசித்தது தாளத்தில் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் ட்ராக் அமைப்பில், சுரங்களைத் தாளக் கட்டத்துக்கு நகர்த்தும் குவான்டைசேஷனை 1/16 என்று வையுங்கள். மெட்டு ட்ராக்குக்கு மட்டும் இதைச் செய்யாமல் விடுங்கள். அந்தச் சின்ன முன்பின்னில்தான் பாவம் இருக்கிறது.

கீபோர்டில் ஸ்கேல் என்ற வசதி உண்டு. மேஜர் பென்டடோனிக் என்று வைத்தால் மோகனத்தின் சுரங்கள் மட்டும் திரையில் நிற்கும். மைனர் பென்டடோனிக் என்றால் சுத்த தன்யாசி. தவறான சுரத்தில் கை விழவே வழியில்லை. ஆனால் சுரங்கள் மட்டும் ராகமாகிவிடாது. கீபோர்டின் நடுவில் உள்ள பொத்தானை 'பிட்ச்' என்று மாற்றினால் விரலை இழுக்கும்போது சுரமும் வழுக்கும். கமகத்துக்கு அங்கிருந்து தொடங்கலாம். காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு விரலைத் தூக்காமல் இழுத்துப் பாருங்கள், மெதுவாக ஒரு தரம், வேகமாக ஒரு தரம். வித்தியாசம் உடனே காதில் விழும். இதையே பெரிதாகச் செய்ய விரும்பினால் பின்னாளில் ஜியோஷ்ரெட் என்ற ஆப்பைப் பாருங்கள். கண்ணாடித் திரையில் சுரத்தை இழுப்பதற்கென்றே செய்தது அது.

தாளத்தில் ஒரு தடை உண்டு. கேரேஜ்பேண்டில் 4/4, 3/4, 6/8 மூன்றுதான். ஆதி தாளம் 4/4 இல் இரண்டு பாராகச் சரியாக உட்காரும். ரூபகத்துக்கு 3/4 போதும். மிஸ்ர சாபுவுக்குச் சுற்றுவழி இருக்கிறது: 4/4 இலேயே வைத்துக்கொண்டு செக்‌ஷன் நீளத்தை 7 பார் ஆக்குங்கள். 7 பாருக்கு 28 எண்ணிக்கை, அதாவது ஏழின் நான்கு ஆவர்த்தனம். லூப் பிசிறில்லாமல் திரும்பும். கண்ட சாபுவுக்கு 5 பார், 20 எண்ணிக்கை, இதுவும் நான்கு ஆவர்த்தனம். மெட்ரோனோமின் அழுத்தம் தப்பான இடத்தில் விழும் என்பதால் அதை அணைத்துவிட்டு, தகிட தகதிமி என்று நீங்களே ஒரு டிரம் ட்ராக்கைக் கையால் தட்டிப் பதிந்து, அதை வைத்து மற்றதை வாசியுங்கள். ஸ்மார்ட் டிரம்ஸ் இங்கே உதவாது.

இரண்டாம் படி: எட்டு பார் குழி

பித்து பிடித்தவர்களில் பாதிக்கு மேல் இங்கேதான் தங்கிவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. லூப் அருமையாக இருக்கும். அதில் இன்னொரு ஹைஹேட் சேர்ப்பார்கள், ஒரு ரிவெர்ப் (எதிரொலி விளைவு) மாற்றுவார்கள், மறுபடி கேட்பார்கள். முந்நூறாவது முறை கேட்கும்போது அது நல்லதா கெட்டதா என்று சொல்லும் சக்தி காதுக்குப் போய்விடும். ஐபேட் ஃபைல்ஸில் 'மை சாங் 41' வரை இருக்கும், பாட்டு ஒன்றும் இருக்காது.

எட்டு பாரை மூன்று நிமிடமாக்கக் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். டெம்போ 100, 4/4 என்றால் ஒரு பார் 2.4 விநாடி, எட்டு பார் 19.2 விநாடி. ஒன்பது செக்‌ஷன் சேர்ந்தால் 2 நிமிடம் 53 விநாடி. அவ்வளவுதான் ஒரு பாட்டு. அந்த ஒன்பதை நமக்குப் பழகிய அமைப்பிலேயே பிரிக்கலாம்: தொடக்க இசை 1, பல்லவி 2, இடையிசை 1, சரணம் 2, மறுபடி பல்லவி 1, எல்லாம் ஓய்ந்து அமைதியாகும் இடம் 1, கடைசிப் பல்லவி 1.

இப்போது கூட்டல் குறியைத் தொட்டு செக்‌ஷன் ஏயை எட்டு முறை டூப்ளிகேட் செய்யுங்கள். ஒன்பது இடத்திலும் எல்லா ட்ராக்கும் நிறைந்து நிற்கும். இனி வேலை அழிப்பது மட்டும்தான். தொடக்க இசையில் கார்டு மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். முதல் பல்லவியில் டிரம் வேண்டாம், இரண்டாவதில் வரட்டும். சரணத்தில் பேஸை இருக்கவிட்டு கார்டை எடுங்கள். 'எல்லாம் ஓய்ந்து அமைதியாகும் இடத்தில்' மெட்டும் ஒரே ஒரு நீண்ட சுரமும் போதும். அதற்கு அடுத்து கடைசிப் பல்லவியில் அத்தனையும் ஒன்றாக வந்து விழும்போது, நீங்கள் புதிதாக எதுவுமே சேர்க்காமல், பாட்டு எழும்பும். கேட்பவருக்கு அதுவரை கிடைக்காமல் இருந்தது அப்போது கிடைக்கிறது என்பதுதான் காரணம்.

அழித்து முடித்த பிறகு இரண்டே இரண்டு மாற்றம் செய்யுங்கள். சரணத்துக்குக் கார்டின் வரிசையைப் புதிதாக வாசியுங்கள். பல்லவி சி-யில் தொடங்கினால் சரணம் ஏ மைனரில் தொடங்கட்டும். ஒவ்வொரு செக்‌ஷனின் கடைசி பாரில் டிரம்மில் ஒரு சின்ன மாற்றம், ஒரு உருட்டல் அல்லது ஓர் அடி மௌனம். இது இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட இடம் காதில் தெரியும்.

குரல் வைப்பதாக இருந்தால் இந்த அடுக்கு முடிந்த பிறகு, செக்‌ஷன் செக்‌ஷனாகப் பதியுங்கள். குரல் இல்லாவிட்டாலும் பாட்டு பாட்டுதான்.

மூன்றாம் படி: வாங்கிக் குவிக்கிற காலம்

ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியாகப் பார்த்தால் விலை குறைவு. அதனால்தான் கை நீள்கிறது. நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடேயை ஒட்டியும் கிறிஸ்துமஸை ஒட்டியும் பல ஆப்களின் விலை பாதிக்குப் பாதி இறங்கும். வாங்க வேண்டியதைக் குறித்துவைத்துக்கொண்டு அந்த வாரங்களுக்குக் காத்திருப்பது நல்லது. அந்தக் காத்திருப்பிலேயே பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிடும்.

வாங்குமுன் நான்கு விஷயம் பாருங்கள். முதலாவது, அது ஏயூவி3 பிளக்இன்னாக (இன்னோர் ஆப்புக்குள் செருகி ஓட்டும் வடிவத்தில்) ஓடுமா? 2015 இல் ஐஓஎஸ் 9 உடன் வந்த இந்த முறையில்தான் ஓர் ஆப்பை இன்னோர் ஆப்புக்குள் திறக்க முடிகிறது, ஒன்றையே நாலு ட்ராக்கில் நாலு விதமாகவும் வைக்க முடிகிறது. அதற்கு முன்பிருந்த இன்டர்-ஆப் ஆடியோவை ஆப்பிள் 2019 இலேயே கைவிடுவதாக அறிவித்துவிட்டது; அதை மட்டும் நம்பியிருக்கிற ஆப்பை இனி வாங்காதீர்கள். இரண்டாவது, கடைசியாக எப்போது அப்டேட் ஆனது? 2017 இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் ஆப்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின. காசு கொடுத்தவை, பாட்டுகள் உள்ளே இருந்தவை உட்பட. இரண்டு மூன்று ஆண்டுகளாகத் தொடப்படாத ஆப்புக்கு அதே கதி எப்போது வேண்டுமானாலும் வரலாம். மூன்றாவது, உள்ளே தனியாக வாங்க வேண்டியவை எவ்வளவு? நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: ஏற்கனவே இருப்பதில் இந்தச் சத்தத்தைக் கொண்டுவர முடியுமா?

முதல் ஓராண்டுக்கு எங்கள் பட்டியல் சிறியது. ஒரு சாம்ப்ளர் (சத்தங்களைப் பதிந்து வாசிப்பது), ஒரு சின்த் (சின்தசைசர்), ஒரு ஹோஸ்ட் (மற்ற ஆப்களை உள்ளே ஓட்டுவது; நான்காம் படியில் வரும்). சாம்ப்ளருக்குக் கோலா. திரையில் உள்ள பேட் என்ற சதுரத்தை அழுத்திப் பிடித்தால் மைக்கில் கேட்பதைப் பதியும், விட்டால் நிற்கும். அப்படி 64 பேட். பாத்திரத்தைத் தட்டுங்கள், கதவைச் சாத்துங்கள், கைதட்டுங்கள். பத்து நிமிடத்தில் உங்கள் வீட்டுச் சத்தத்திலேயே ஒரு டிரம் கிட் தயார். இவ்வளவு சுலபமாக இசைக்குள் கூட்டிப்போகிற ஆப் வேறொன்று எங்களுக்குத் தெரியாது. சின்த்துக்கு இலவசமான ஆடியோகிட் சின்த் ஒன் போதுமானது. காசு கொடுக்கத் தயார் என்றால் மூக் நிறுவனத்தின் அனிமூக் இசட்.

சின்த் வாங்கியவர்கள் செய்கிற பொதுத் தவறு, உள்ளே உள்ள நூற்றுக்கணக்கான ப்ரீசெட்களை (முன்பே செய்துவைத்த ஒலிகளை) ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டே மாலையைக் கழிப்பது. பதிலாக, இனிட் என்ற வெற்று ஒலியில் தொடங்கி இந்த மூன்றை மட்டும் நீங்களே செய்யுங்கள். மீட்டிய தந்தி போன்ற ஒலிக்கு அட்டாக் (ஒலி எழும் நேரம்) 0, டிகே (தணியும் நேரம்) 300 மில்லிவிநாடி, சஸ்டெயின் (விரல் இருக்கும்வரை நிற்கும் அளவு) 0. பின்னணியில் நிறைகிற, 'பேட்' என்றே அழைக்கப்படும் நீண்ட ஒலிக்கு அட்டாக் 800 மில்லிவிநாடி, சஸ்டெயின் முழுதாக, ரிலீஸ் (விரல் எடுத்தபின் மங்கும் நேரம்) ஒன்றரை விநாடி. பேஸுக்கு சா அலை (ரம்பப் பல் வடிவ அலை), ஃபில்டரின் கட்ஆஃப் (அதற்கு மேல் உள்ள ஒலியைத் தணிக்கும் எல்லை) 300 ஹெர்ட்ஸ் அருகே, ரெசனன்ஸ் (அந்த எல்லையில் வரும் முனைப்பு) கொஞ்சமாக. இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் எந்தச் சின்த்தைத் திறந்தாலும் எங்கே தொட வேண்டும் என்று தெரிந்துவிடும், புதிதாக வாங்கும் ஆசையும் கணிசமாகக் குறையும்.

நான்காம் படி: கோத்துக்கொண்டே இருப்பது

ஆப்கள் சேர்ந்ததும் அவற்றை ஒன்றாக ஓட்ட ஓர் இடம் வேண்டும். 2012 இறுதியில் ஆடியோபஸ் என்ற ஆப் இந்த வழியைத் திறந்தது. இப்போது பெரும்பாலானோர் போவது ஏயுஎம் என்ற மிக்சருக்கு. அது கச்சேரி மேடை மாதிரி: தனக்கென்று சத்தம் எதுவும் கிடையாது, வருகிறவர்களுக்கு இடமும் மைக்கும் கொடுக்கும்.

கூட்டல் குறியைத் தொட்டு ஓர் ஆடியோ சேனல் சேருங்கள். மேலே காலியாக உள்ள கட்டத்தில் சின்த்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் கீழே உள்ள கட்டங்களில் டிலே (ஒலியைத் தாமதித்துத் திரும்பத் தருவது), ஈக்யூ (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது) போன்றவை. அடியில் உள்ளது வெளியேறும் வழி. அது ஸ்பீக்கரைக் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு மிடி (எந்தச் சுரம் வாசிக்கப்பட்டது என்ற தகவலை அனுப்பும் முறை) பக்கத்துக்குப் போய்க் கீபோர்டை அந்தச் சின்த்தோடு இணையுங்கள். 'எல்லாம் சரியாக இருக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை' என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி இந்த மிடி இணைப்புதான். அடுத்த குற்றவாளி, ம்யூட்டில் கிடக்கும் சேனல்.

சத்தம் பொரிகிறது, நறநறவென்று வெட்டுகிறது என்றால் ப்ராசஸருக்கு மூச்சு முட்டுகிறது. அமைப்புகளில் பஃபரை (ஒரே தடவையில் கணக்கிடும் ஒலித்துண்டின் அளவை) கூட்டுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 256 பஃபர் என்றால் தாமதம் சுமார் 5.3 மில்லிவிநாடி; 512 என்றால் 10.7, 1024 என்றால் 21.3. வாசிக்கும்போது 256, மிக்ஸ் செய்யும்போது 1024. 512-ஐத் தாண்டினால் டிரம் தட்டுபவருக்கு விரலுக்குப் பின்னால் சத்தம் வருவது தெரியும். இதற்கும் அடங்கவில்லை என்றால் கனமான சின்த்தை ஆடியோவாகப் பதிந்துவிட்டு அந்தச் சேனலில் பிளக்இன்னை எடுத்துவிடுங்கள்.

பாட்டு திடீரென்று சுருதி ஏறி வேகமாக ஓடினால் அது சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை தடவை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்) தகராறு. 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை 48 என்று நினைத்து ஓட்டினால் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் உயரும். 1 கட்டையில் பாடியவர் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே நிற்பார். எல்லா ஆப்பிலும் 48 என்று ஒரே எண்ணை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு ஆப் ஒரே டெம்போவில் ஓட, டெம்போவை ஒத்திசைக்கும் ஏபிள்டன் லிங்க் என்ற வசதியை இரண்டிலும் இயக்குங்கள். டெம்போ சேர்ந்து ஒன்று மட்டும் ஓடத் தொடங்கவில்லை என்றால், லிங்க்கின் உள்ளே இருக்கிற 'ஸ்டார்ட் ஸ்டாப் சிங்க்' தனியாக அணைந்திருக்கிறது.

இந்தப் படியில் கோப்பதே ஒரு சுகமாகிவிடும். எட்டு சேனல், பன்னிரண்டு எஃபெக்ட், அம்புக்குறிகள். அதில் தப்பொன்றுமில்லை, ஒரு கட்டுப்பாடு இருந்தால் போதும்: ஏயுஎம்மைத் திறந்த பதினைந்து நிமிடத்துக்குள் ரெக்கார்ட் பொத்தானை அழுத்திவிடுங்கள். ஒவ்வொரு சேனலிலும் பதிவை ஆயத்தம் செய்துவிட்டு மேலே உள்ள ரெக்கார்டைத் தொட்டால், சேனலுக்கு ஒரு வேவ் கோப்பு கிடைக்கும். அன்றைக்குக் கையில் மிஞ்சுவது அதுதான். செஷனையும் உடனே பெயர் கொடுத்துச் சேமியுங்கள். ஏயூவி3 சின்த்தில் நீங்கள் திருகிய குமிழ்கள் அதோடு சேர்ந்து நிற்கும், இன்டர்-ஆப் வழியாக வந்தவை நிற்காது.

ஐந்தாம் படி: கேபிள்கள்

இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். முதலில் 25 விசை உள்ள மிடி கீபோர்டு ஒன்று. 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்று அட்டையில் இருந்தால் டிரைவர் எதுவும் இல்லாமல் ஐபேடில் ஓடும். மைக்கை ஐபேடோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேசுக்கும் அதே சொல்லைத் தேடுங்கள். செருகியதும் 'இந்தச் சாதனத்துக்கு மின்சாரம் அதிகம் தேவை' என்ற செய்தி வந்தால், சார்ஜரையும் சேர்த்துச் செருகக்கூடிய ஹப் வேண்டும். லைட்னிங் துளை உள்ள ஐபேட் என்றால் மின்சாரத் துளையும் சேர்ந்த கேமரா அடாப்டர். சார்ஜரைச் செருகியதும் ஹெட்போனில் 'உம்' என்று இரைச்சல் கேட்டால், பதியும் நேரத்துக்கு மட்டும் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

குரல் பதிவுதான் கவனம் கேட்கிற இடம். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் காற்றும் உறுமலும் பதிவானால் எந்த ஆப்பாலும் முழுதாக எடுக்க முடியாது. துணி தொங்குகிற அலமாரிக்கு முன்னால் நின்று பாடினால் எதிரொலி அடங்கும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம், நேர் எதிரே இல்லாமல் சற்றே பக்கவாட்டில். அப்போதுதான் 'ப', 'ப்ப' வருகிற இடங்களில் காற்று மோதாது. பாட்டில் மிக உரத்த வரியை முதலில் பாடிப் பார்த்து, மீட்டர் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையே நிற்கும்படி கெயினை (மைக்கின் உள்வரும் சத்த அளவை) வையுங்கள். சிவப்பைத் தொட்ட பதிவைப் பிறகு சரிசெய்ய வழியில்லை. ஹெட்போன் இல்லாமல் மானிட்டரிங்கை (பாடும்போதே உங்கள் குரலைத் திரும்பக் கேட்கும் வசதியை) இயக்காதீர்கள். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய் ஊளையிடும்.

ஆறாம் படி: முடிப்பது

எல்லா ஃபேடரையும் (ட்ராக்கின் சத்த அளவை மாற்றும் தள்ளுபொத்தானை) கீழே இறக்கிவிட்டு, குரலையும் டிரம்மையும் மட்டும் முதலில் ஏற்றுங்கள். குரல் இல்லை என்றால் மெட்டு. அவை இரண்டும் சேர்ந்து நிற்கும் அளவு கிடைத்ததும் பேஸ், அதன் பிறகு மற்றவை, ஒவ்வொன்றும் 'இருக்கிறது' என்று தெரிகிற அளவுக்கு மட்டும். கிக்கும் பேஸும் தவிர மற்ற ட்ராக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். ஆண் குரலுக்கு 80 போதும். குழம்பிக் கிடந்த மிக்ஸ் இதிலேயே பாதி தெளியும். ரிவெர்ப் போட்டபின், இதமாக இருக்கிறது என்று தோன்றும் இடத்திலிருந்து கொஞ்சம் குறைத்து வையுங்கள். ஹெட்போனில் கேட்கும்போது அளவு எப்போதும் கூடுதலாகப் போய்விடும்.

அன்றைக்கே அனுப்பாதீர்கள். மறுநாள் காலையில் போன் ஸ்பீக்கரில் மெதுவான சத்தத்தில் ஒரு தடவை ஓடவிடுங்கள். பேஸ் காணாமல் போயிருக்கும், அது இயல்பு. மெட்டும் சொற்களும் புரிகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள். புரியாவிட்டால் மற்ற எல்லாவற்றையும் 2 டெசிபல் குறைத்துப் பாருங்கள். குரலை ஏற்றுவதைவிட இது நன்றாக அமையும். கடைசி மீட்டர் மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் சத்தத்தை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) அளவுக்குச் சமப்படுத்திவிடுவதால், லிமிட்டரை (உச்சங்களை அடக்கும் கருவியை) நெருக்கி உரக்கச் செய்த பாட்டுக்கு அங்கே எந்த லாபமும் கிடையாது. நசுங்கிய சத்தம் மட்டும் மிஞ்சும்.

கேரேஜ்பேண்டில் பாட்டின் மேல் அழுத்திப் பிடித்து, ஷேர், பிறகு சாங் என்று போய், சுருக்கப்படாத வடிவத்தைத் தேர்ந்தெடுத்து ஃபைல்ஸில் சேமியுங்கள். அதன்பின் ஒவ்வொரு ட்ராக்கையும் சோலோ செய்து தனித்தனி கோப்பாக வெளியே எடுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் நாளைக்கு அந்த ஆப் திறக்காமல் போனாலும் பாட்டு உங்களிடம் இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரிலும் மறுபடி மிக்ஸ் செய்யலாம். கோப்பின் பெயரில் டெம்போவையும் சுருதியையும் எழுதிவையுங்கள்: 'மழை_100_ஜி_பேஸ்' என்பது போல.

இந்த நேரத்தில் பலருக்கும் ஐபேடைச் சுத்தம் செய்யும் வேகம் வரும். பயன்படுத்தாத ஆப்களை வரிசையாக நீக்கத் தொடங்குவார்கள். அதற்கு முன் நின்று கவனியுங்கள். ஆப்பை டெலீட் செய்தால் அதற்குள் இருக்கும் பாட்டு, சாம்பிள், நீங்கள் செய்த ப்ரீசெட் அனைத்தும் அதோடு போய்விடும். செட்டிங்ஸில் ஜெனரல், ஐபேட் ஸ்டோரேஜ் என்று போய் 'ஆஃப்லோட் ஆப்' என்பதைத் தொடுங்கள். ஆப் மட்டும் போகும், உள்ளே உள்ளவை இருக்கும். திரும்ப இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நிச்சயமாக வேண்டாம் என்று தெரிந்தவற்றையும், உள்ளே உள்ளதை ஒரு பென் டிரைவுக்கு நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே நீக்குங்கள்.